இடது கால் செருப்பு

கடலூர் முதுநகர்
18.8.2024

சர்புன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை எடுப்பதில்லை என்று முடிவே பண்ணிவிட்டாய் போலிருக்கிறது. எடுத்தாலும் இரண்டாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடுகிறது. உன் தங்கை நௌஷீன் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்கிறார்கள். மகளை நடுவில் இழுக்க வேண்டாம் என்று நீ சொன்னது நியாயம்தான். அர்ஃபா அங்கே படிக்கப் போன பிள்ளை, நமக்குத் தூது போக இல்லை. அதனால்தான் கல்யாணமான நாளிலிருந்து எழுதாத கடிதத்தை இப்போது எழுதுகிறேன். ரஸ்க் டெம்போ ஓட்டுகிற கொளஞ்சி தினமும் சிதம்பரம் வருகிறான். பதிலை அவனிடமே கொடுத்தனுப்பு.

நேராகவே கேட்கிறேன். எப்போது வருகிறாய்? முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாய். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் தரைத்தளம், நம் வீடு இரண்டாவது மாடி, படி ஏற முடியாது என்றாய். சரி என்றேன். டாக்டர் சொன்ன மூன்று மாதமும் தாண்டிவிட்டது. போன செக்கப்பில் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினாரே, நீயும்தான் பார்த்தாய். ஆணியெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன, எலும்பு சேர ஆரம்பித்துவிட்டது என்றார். படத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போது உனக்கு மட்டும் எப்படி அதே வலி இருக்கும்?

பள்ளிவாசலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆபரேஷன் சக்சஸா பாய்?" என்று கேட்கிறார்கள். சக்சஸ்தான், ஆள்தான் வரவில்லை என்றா சொல்வது?

கடை நிலவரம் உனக்குத் தெரியும். சிப்காட்டில் ஷிப்ட் விட்டால் கும்பலாக வந்து டீயும் சமோசாவும் கேட்கிறார்கள். உன் இடத்தில் ஜெயராணி என்று ஒரு அம்மாவை வைத்திருக்கிறோம். அவர் போடும் சமோசா ஷீட் சப்பாத்தி கனத்துக்கு இருக்கிறது. அன்வர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். வீட்டு மாடியிலிருந்து கடைக்கு மசாலா குண்டானையும் ட்ரேக்களையும் நீ இறக்கிக்கொண்டிருந்தாய், இப்போது நான் இறக்குகிறேன்.

வரும் தேதியை மட்டும் எழுது. வண்டி அனுப்புகிறேன்.

அப்துல் ஹக்


அண்ணாமலை நகர்
23.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் எழுத எனக்கும் ஆசை வந்திருக்கும். நீங்கள் தேதி கேட்டிருக்கிறீர்கள்.

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் படுக்கலாம் போலிருக்கிறது. படுத்தால் எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்து ஹாலைச் சுற்றினேன் என்று நௌஷீனைத்தான் கேட்க வேண்டும். எழுவது என்றால் நீங்கள் எழுவது மாதிரி இல்லை. உடம்பைத் திருகாமல் கட்டை மாதிரி மொத்தமாக ஒருபக்கம் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனியக் கூடாது, திருகக் கூடாது, தூக்கக் கூடாது. முந்தாநாள் சீப்பு கீழே விழுந்துவிட்டது. அர்ஃபா காலேஜ் விட்டு வரும்வரை நான் சீப்பைப் பார்த்துக்கொண்டு, சீப்பு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் எடுக்கும் மச்சான். வலியை எடுக்காது. பள்ளிவாசலில் கேட்கிறவர்களிடம் வலி அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். இடுப்பிலும் இருக்கிறது, காலிலும் இருக்கிறது.

நோன்பு மாதம் முழுக்கத் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தொடையிலிருந்து பெருவிரல் வரைக்கும் நெருப்பாக எரிய எரிய சமோசா மடித்தேன். இஃப்தாருக்கு அத்தனை ஆர்டர். அப்போது எனக்கு எப்போது ஓய்வு என்று யாரும் தேதி கேட்கவில்லை.

ஜெயராணியம்மாவிடம் மாவை இன்னும் கெட்டியாகப் பிசையச் சொல்லுங்கள். இரண்டு ஷீட்டுக்கு நடுவில் எண்ணெய் தடவி ஒன்றாகத் தேய்த்து, கல்லில் சூடு காட்டியதும் பிரித்துவிட வேண்டும். அவரைத் திட்டாதீர்கள். அவருக்கும் இடுப்பு இருக்கிறது.

சர்புன்னிசா


கடலூர் முதுநகர்
15.9.2024

சர்புன்னிசா,

ஸலாம். கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை.

நேற்று கொளஞ்சி ரஸ்க் இறக்க வந்தவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "பாய், அக்காவ கீழ வீதில பாத்தேன். நல்லா கைய வீசிக்கிட்டுப் போறாங்க. பொண்ணும் கூட இருந்துச்சு. ரெண்டு பேரும் ஐஸ்கிரீம் சாப்ட்டுக்கிட்டு சிரிச்சிக்கிட்டுப் போனாங்க." அவன் நல்ல செய்தி என்று நினைத்துச் சொல்கிறான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலில் வலி என்று எனக்கு எழுதுகிறாய். அந்தக் காலோடு கோயில் வீதியைச் சுற்றி வருகிறாய். எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டியவன் ஊரில் நான் ஒருத்தன்தானா?

இங்கே நான் படுகிற பாட்டைக் கேள். குண்டான் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தால் போய்விடும், அது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததுதான் அநியாயம். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வருகிறேன். படியேறும்போது பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை! புதுச் செருப்பு. ஒற்றைச் செருப்பை எவனாவது திருடுவானா? வம்புக்கென்றே எவனோ செய்த வேலை. எவனோ என்ன, முஹம்மது ஆசிக்தான். நம் கடைக்கு எதிரிலேயே டீக்கடை போட்டானே, அவன்தான் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் நின்றான். திரும்பிப் போய்ப் பள்ளிவாசல் வாசலிலேயே வைத்து நன்றாகக் கேட்டுவிட்டேன். "என் யாவாரத்ததான் எடுத்துக்கிட்ட, செருப்பையுமாடா?" என்றேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான். நாலு பேர் வந்து விலக்கிவிட்டார்கள்.

நீ இங்கே இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வருகிறாயா இல்லையா, இந்தத் தடவை ஒழுங்காக எழுது.

அப்துல் ஹக்


அண்ணாமலை நகர்
16.9.2024

மச்சான்,

கொளஞ்சி வாசலில் டெம்போவை அணைக்காமல் நிற்கிறார். அவரை நிறுத்தி வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஐஸ்கிரீம் கதையை அப்புறம் பேசிக்கொள்ளலாம், திட்டுவதற்கு நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

உங்கள் செருப்பை யாரும் எடுக்கவில்லை. அது உங்கள் காலிலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை.

போன வருஷம் அர்ஃபாவைச் சேர்க்க வந்தபோது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் செருப்பு காணாமல் போனது நினைவிருக்கிறதா? "கால்ல கெடக்குற செருப்பக் கூட பாத்துக்க மாட்டியா, எங்க பராக்கு பாத்துக்கிட்டு வர?" என்று அத்தனை கும்பலில் கேட்டீர்கள். நான் பராக்குப் பார்க்கவில்லை. செருப்பு இருப்பதும் இல்லாததும் என் காலுக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அப்போதே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு என்னைத்தான் திட்டினார்.

இப்போதே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நில்லுங்கள். முன்பாதம் இரண்டும் மேலே எழுகிறதா பாருங்கள். இடது எழவில்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். தைலத்தில் போகிற சமாச்சாரம் இல்லை இது. குண்டானைத் தொடாதீர்கள், அண்ணன் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

ஆசிக் தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள். பாவம், அது என்ன செய்தது.

சர்பு


கடலூர் முதுநகர்
26.9.2024

சர்பு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பிடித்து நின்றேன். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் சும்மா கிடந்தது. திட்டிக்கூடப் பார்த்தேன். ஜெயராணியம்மா "யார பாய் திட்டுறீங்க?" என்று எட்டிப் பார்த்தார். என் காலைத்தான் என்று எப்படிச் சொல்வது? பயந்துவிட்டேன் சர்பு. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

ஆசிக் நான் போவதற்கு முன்னால் அவனே வந்துவிட்டான், செருப்பைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு. "சந்து முனையில ஜல்லி கொட்டியிருக்குல்ல பாய், அங்க கெடந்துச்சு. நீங்கதான் உட்டுட்டுப் போயிருக்கீங்க" என்றான். அந்தச் செருப்பை எந்த முகத்தோடு வாங்குவது! ஜல்லியில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், குத்தியதுகூடத் தெரியவில்லை. பள்ளிவாசலில் அவனைத் திட்டியபோது இருந்த அதே ஆட்களை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் கடைக்கே போய் டீயும் குடித்தேன். எதிரே நம் கடையிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ நன்றாகத்தான் இருந்தது, அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

ஸ்கேன் எடுத்தாயிற்று. உனக்குச் செய்த அதே டாக்டர்தான். நர்ஸ் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "போன ஏப்ரல்ல உங்க வீட்டம்மாவுக்குத்தான பண்ணோம்?" என்று சிரித்தார். எலும்பு ஒன்றின் மேலிருந்து ஒன்று நழுவி, பாதத்துக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். இரண்டு எலும்பையும் ஆணி போட்டுச் சேர்க்க வேண்டுமாம். தள்ளிப்போட்டால் பாதம் பழையபடி வராமலே போகலாம் என்கிறார். நம்பாமல் பாண்டிச்சேரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். திங்கட்கிழமைக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

நான் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் தெரியுமா? உன்னால்தான். ஆணி போட்டு ஐந்து மாதமாகிறது. இடுப்பிலும் வலி, காலிலும் வலி என்று உன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாய். அப்புறம் எதற்கு என் முதுகையும் கிழிக்க வேண்டும்? அண்ணன் எங்கேயோ எண்ணெய் போட்டு நீவிவிடுகிற ஆள் இருப்பதாகச் சொல்கிறார். அங்கேதான் போகலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் கொளஞ்சி சொன்னது உள்ளே குடைந்துகொண்டே இருக்கிறது. கையை வீசிக்கொண்டு நடந்தாய் என்றானே. எது நிஜம்? கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த ஆபரேஷன் உனக்கு உதவியதா இல்லையா, அதை மட்டும் சொல். உன் வார்த்தையை வைத்துத்தான் நான் முடிவெடுக்க வேண்டும்.

ஹக்


அண்ணாமலை நகர்
28.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீவிவிடுகிறவரிடம் போகாதீர்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

கால் வலி போய்விட்டது. இன்றைக்கு நேற்று இல்லை, ஆபரேஷன் முடிந்த மறுநாள் என்னை நடக்க வைத்தார்களே, அன்றைக்கே போய்விட்டது. அந்த எரிச்சல் இல்லாமல் காலைக் கீழே வைத்தபோது இது யார் கால் என்றிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

இடுப்பு முழுசாகச் சரியாகவில்லை. அது பொய் இல்லை. காலையில் பலகை வைத்துக் கட்டிய மாதிரி விறைத்திருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. மேகம் கறுத்தால் எனக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. முதல் இரண்டு மாதம் ஏன் செய்துகொண்டோம் என்று அழுதிருக்கிறேன். இன்ன நாளில் சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன வாரம் நன்றாக நடந்துவிட்டு இந்த வாரம் படுத்தே கிடப்பேன். எனக்கு இப்படி. உங்களுக்கு எப்படியோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் நான் நடக்கிறேன் மச்சான். என் செருப்பு என் காலில் இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பீர்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோது முதலில் காதில் விழுந்தது உங்கள் குரல்தான். "டாக்டர், எப்பத்துலேருந்து கீழ உக்காந்து வேலை பாக்கலாம்?" என்று கேட்டீர்கள். நான் பிழைத்தேனா, வலிக்கிறதா, ஒன்றுமில்லை. கீழே எப்போது உட்காருவாள்! எனக்கு நெஞ்சே விட்டுப்போனது. வலி போய்விட்டது என்று சொன்ன மறுநாள் அந்தப் பலகை எனக்காகக் காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. முடியவில்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன், உங்கள் வீட்டில் அது யார் காதிலும் ஏறவில்லை. வலிக்கிறது என்றால் மட்டும்தான் என்னை விட்டீர்கள். அதனால் வலிக்கிறது என்றேன். உங்கள் கால் போகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி நீங்கள் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், என்னிடம் வேறு சாக்கு இல்லை. ஆனால் முதலில் திங்கட்கிழமை போய்ச் சரி என்று சொல்லுங்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். உங்களைத் தூக்கவோ பிடிக்கவோ என்னால் முடியாது. பக்கத்தில் இருப்பேன். முடிந்ததும் நீங்களும் இங்கே வந்துவிடுங்கள், மாடிப்படி இல்லை. நௌஷீனிடம் கேட்டுவிட்டேன். "ஆணி போட்டவுங்களுக்குன்னே வீட்ட உட்டுட வேண்டியதுதான்" என்கிறாள்.

சர்பு


கடலூர் முதுநகர்
24.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடி வந்து சேர்ந்தேன். மாடிப்படியை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினேன். இறங்குவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவில்லை. நீங்கள் அங்கே, நான் இங்கே, கடிதம் மட்டும் திசை மாறிப் போகிறது. கொளஞ்சிக்கு ஒரே சிரிப்பு.

யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் வந்தேன் என்பதை உங்கள் அண்ணன் நம்பவே இல்லை. ஜெயராணியம்மா ஒருத்தராகத் திணறுகிறார் என்று கேட்டபோது மனசு கேட்கவில்லை. நீங்களும் தனியாக எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள், அர்ஃபா பார்த்துக்கொள்கிறாள். ஆனால் பலகையை எடுத்துப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். அர்ஃபா ப்ளஸ் டூவுக்குப் படித்த மேசைதான் இப்போது சமோசா மேசை. நானும் ஜெயராணியம்மாவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மடிக்கிறோம், இடையில் எழுந்து நடக்கிறோம். மதியத்துக்கு மேல் நான் படுத்துவிடுவேன், யாரிடமும் கேட்பதில்லை. மழை வேறு, இடுப்பு விண்விண் என்கிறது.

முதல் நாள் உங்கள் அண்ணன் வந்து, "காலங்காலமா தரையிலதான மடிச்சாங்க?" என்றார். "தரையிலதான் மடிச்சோம், குண்டானயும் நாங்களே தூக்குனோம், அதான் ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ட்ரேய நீங்க எறக்குங்க" என்றேன். உண்மையாகவே சொன்னேன் மச்சான், என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம். இறக்கினார். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். தைலத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

உங்களை எப்போது அனுப்புகிறேன் என்று தினமும் கேட்கிறார். பாதம் எழுகிறதா? இனிமேல் நாம் ஒருத்தருக்கொருத்தர் பொய் எழுத வேண்டாம்.

சர்பு


அண்ணாமலை நகர்
8.12.2024

அன்புள்ள சர்பு,

வஅலைக்கும் ஸலாம். புயல் மழையில் டெம்போ ஓடாததால் பதில் தாமதம். வெள்ளம் முதுநகரில் எதுவரைக்கும் வந்தது என்று கொளஞ்சியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாடி வீடு என்று முதல் தடவையாக நிம்மதிப்பட்டேன்.

நீ எழுதியிருந்தாயே, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் படுக்கத் தோன்றுகிறது என்று. அந்தக் கடிதத்தை அப்போது பாதிதான் படித்தேன். இப்போது அது என் கதையாக இருக்கிறது. கண்ணாடி கட்டிலுக்கடியில் போய்விட்டது, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். உன் சீப்பு ஞாபகம் வந்து சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது. நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களை இத்தனை வருஷம் நான் கேலி பண்ணியிருக்கிறேன். இப்போது ஜும்ஆவுக்குப் போனால் எனக்கென்று ஒரு பையன் நாற்காலியை இழுத்துப் போடுகிறான். உட்காரக் கூச்சமாக இருக்கிறது, உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது உன் குரல் கேட்டது. "இவுருக்கு எப்ப டாக்டர் தண்ணி குடுக்கலாம்? நாக்கு வறண்டு கெடக்கு" என்று கேட்டாய். நீ எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் ஓரம் வழிந்ததை நர்ஸ் வலி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது சர்பு. உன்னிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், வாயில் வரவில்லை. எழுத்தில் வருகிறது.

பாதம் எழுகிறது. முழுசாக இல்லை, வலது பாதம் எழுவதில் பாதிதான், ஆனால் சொன்னால் கேட்கிறது. போன வாரம் நௌஷீன் வீட்டு வாசலில் செருப்பு கழன்றது. இரண்டாவது அடி வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. நின்று, திரும்பி, காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த அர்ஃபா கை தட்டினாள். இடுப்பு நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது. உதவியதா என்று என்னிடம் யாராவது கேட்டால் நானும் உன்னைப் போல அரைப் பக்கத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். நான் வராந்தாவில் நின்று செருப்புக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்படா வர? ட்ரே எறக்க என்னால முடியல" என்றார். இன்னும் பல மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "டாக்டருங்க அப்டித்தான் சொல்லுவாங்க. படத்துல எல்லாம் சரியா இருக்காமே, அர்ஃபா சொல்லுச்சு. அத வுடு, இப்ப ஒனக்கு வலிக்குதா இல்லியா?" என்றார்.

நான் தலையை மட்டும் தாழ்த்தி என் இடது காலைப் பார்த்தேன்.

"ஜாஸ்தியா வலிக்குதுண்ணே" என்றேன். "கால்லயும் வலிக்குது."

ஹக்